அக்கா கை வைக்காத படங்கள்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவரைப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவரிடம் திட்டு வாங்காதவர்கள் நம்மில் யாரும் கிடையாது. ஆனாலும் குவைத்தில் அவர் பார்த்த வேலை ஊரில் பலருக்குத் தெரியாது. அதைச் சொல்வது தம்பியாகிய என் கடமை.

தூத்துக்குடியில் பிறந்தார். உப்பளத்தில் வேலை பார்த்த அப்பா சீக்கிரமே போய்விட்டார். டியூஷன் எடுத்துக்கொண்டே ஓவியம் படித்து, என்னையும் படிக்க வைத்தார். அத்தானைக் கைப்பிடித்து, குவைத்தில் ஃபர்வானியா என்ற ஊருக்கு வந்த பிறகு ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியை ஆனார். பின்னர் எனக்கும் அங்கே வேலை தேடிக் கொடுத்து, தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்.

அந்தப் பள்ளியில் ஓவியம் என்றால் ஆண்டுவிழாக் கண்காட்சிதான். பிள்ளைகள் வரைவார்கள். பெற்றோர் வருமுன் ஆசிரியைகள் உட்கார்ந்து ‘ஃபினிஷிங்’ கொடுப்பார்கள். கோணலை நிமிர்த்தி, வானத்துக்கு நீலம் பூசி, எல்லாவற்றையும் அழகாக்கிவிடுவார்கள். அக்காவும் அப்படித்தான் செய்தார். முதல் கண்காட்சியில் நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, தன் படத்துக்கு எதிரிலேயே நின்றுகொண்டு, "மிஸ், என் படம் எங்க?" என்று கேட்டாள்.

அன்று அக்கா சாப்பிடவில்லை. "அவ படத்த நான் அழிச்சுட்டேம்ல" என்று என்னிடம் சொல்லி அழுதார்.

அதன் பிறகுதான் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை ஓவியப் பாடத்திட்டம் எழுத உட்கார்ந்தார். சின்னப் பிள்ளைகளுக்குக் களிமண்ணும் கிழித்து ஒட்டும் காகிதமும். கொஞ்சம் வளர்ந்ததும் நிழலைக் கவனிப்பது, நிறம் கலப்பது, பள்ளிவாசல் சுவரின் கட்டங்களையும் நம் கோலத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது, அடுத்தவர் படத்தைப் பற்றி மனம் நோகாமல் பேசுவது. எல்லா வகுப்புக்கும் ஒரே விதி: பிள்ளையின் படத்தில் பெரியவர் கை படக் கூடாது. அந்த நாட்களில் சோறு எத்தனை முறை அடிப்பிடித்தது என்று அத்தானைக் கேட்டால் சொல்வார்.

பிரின்சிபால் ஓராண்டு பார்க்கச் சம்மதித்தார். கண்காட்சியில் பெற்றோர் முகம் சுளித்தால் ஓவிய பீரியட் கணக்குப் பாடத்துக்குப் போய்விடும் என்றும் சொல்லிவிட்டார்.

சுளிக்கத்தான் செய்தார்கள். சுவர் முழுக்கச் சரிந்த கட்டடங்களும் மூன்றுகால் பூனைகளும்.

"ஒரு டச் குடுத்திருக்கக் கூடாதா டீச்சர்? அம்மாவுக்குக் காலே இல்லையே" என்று மகன் வரைந்த படத்தைக் காட்டிக் கேட்டார் ஒரு தகப்பனார்.

"குடுத்திருந்தா அது என் படம்லா சார். ஒங்க பையன்ட்ட கேளுங்க."

பையன் சொன்னான். "நீங்க நைட் டூட்டி முடிச்சுத் தூங்குறீங்கப்பா. அம்மா சத்தமே இல்லாம நடக்குறாங்க. அதான் கால் போடல."

தகப்பனார் மகன் தோளில் கை போட்டபடி வெகுநேரம் அங்கேயே நின்றார்.

ஆனாலும் ஆறு முதல் எட்டு வகுப்புகளின் பீரியட் பறிபோனது. மற்றவை தப்பின. போனதையும் அக்கா சண்டை போட்டே ஒவ்வொரு வகுப்பாகத் திரும்ப வாங்கினார். எட்டாம் வகுப்பும் கைக்கு வந்தபோது நோயில் விழுந்துவிட்டார்.

மருத்துவமனையில் அவர் திருத்திச் சொல்லச் சொல்ல, நோட்டில் கிடந்த பாடத்திட்டத்தை நான் டைப் செய்தேன். ஏழாம் வகுப்பு முடிந்ததும், எட்டுக்கு என்ன என்று கேட்டேன்.

"ஒண்ணும் போடாதல. ஏழு வருசமா பிள்ளைவ நாம சொன்னதச் செஞ்சிருக்குதுவ. எட்டுல என்ன செய்யணும்னு அதுவளே சொல்லட்டும்."

மறுவாரம் எங்களை விட்டுப் போனார். எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

கடைசி நாட்களில் கூடப்பிறந்தவர்கள் போல அவரைப் பார்த்துக்கொண்ட செவிலியச் சகோதரிகளுக்கும், அக்காவை ஊர் கொண்டுவந்து சேர்க்க அலைந்த நண்பர்களுக்கும், ஒருநாளும் முகம் கோணாத அத்தானுக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது. பள்ளியாருக்கும் நன்றி. அக்கா முடிக்காமல் விட்ட எட்டாம் வகுப்புப் பாடத்தை அவர் நினைவாகச் சக ஆசிரியைகள் எழுதி முடிக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். உங்கள் அன்பு புரிகிறது. தயவுசெய்து அதை அப்படியே விட்டுவிடுங்கள். அக்கா அதை முடித்துத்தான் வைத்திருக்கிறார்.