பேர் தேடும் பக்கமும் நிலந்தியின் குரலும்

பேர் தேடிக் கொடுக்கிற தொழிலில் ஒரு சங்கடம் இருக்கிறது. வருகிறவருக்குத் தன் பேர் தெரியும், அதை மற்றவர் எப்படி எழுதி வைத்திருக்கிறார் என்பது தெரியாது. கவுண்டருக்குக் கவுண்டர் பேரை எழுத்துக்கூட்டிச் சொல்லியே தொண்டை கட்டிப்போன என் இனத்தவரே, இது உங்களுக்குத்தான்.

ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த நேரம். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கையொன்றில், புடவைக் கடைக்கு மேல்மாடியில், ரஞ்சன் அண்ணையின் மென்பொருள் கந்தோர். கொட்டாஞ்சேனை மருத்துவ ஆய்வுகூடம் ஒன்றுக்கு, நோயாளியின் பேரை அடித்தால் ரிப்போட்டைக் காட்டுகிற இணையப் பக்கம் செய்யும் வேலையை அவர் என் தலையில் கட்டினார். ஆய்வுகூடச் சொந்தக்காரியான டொக்டர் மெடம் நோயாளிகளின் பேர் எழுதிய அட்டைகள் அடுக்கிய பழைய பெட்டிகளை எறியவில்லை. "மாச முடிவு வரைக்கும் பாப்பன். ஆளைக் கண்டுபிடிக்காட்டி உங்கட கொம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு போங்கோ" என்றுவிட்டார். பக்கம் சரிவந்தால் எனக்கு வேலை நிரந்தரம். சரிவராவிட்டால், அம்மா ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்த கணக்கியல் வகுப்பு.

நாலு குரல், ஒரு ஆள்

பேர்கள் எல்லாம் ஆங்கில எழுத்தில்தான் ஏறியிருந்தன. ஒலியை வைத்துப் பேர் தேட வெள்ளைக்காரர் ஒரு விதி எழுதி வைத்திருக்கிறார்கள். அது முதல் எழுத்தைத் தொடாது. 'ஜெ'யில் தொடங்கும் ஜெயக்குமாரும் 'யெ'யில் பதிந்த அதே ஜெயக்குமாரும் அதற்கு இரண்டு ஆட்கள். ஆகவே விதியைத் தூக்கி வைத்துவிட்டு, எனக்குத் தெரிந்த ஒரே வித்தையை எடுத்தேன். ஆய்வுகூடக் கவுண்டரில் இருக்கும் சிங்களப் பெட்டை நிலந்தி இந்தப் பேரை எப்படி இழுப்பாள், மருந்துக்கடை முஸ்லிம் நானா எப்படி முறிப்பார், கெமிஸ்ட்ரி மாஸ்டர் மூக்கால் எப்படிச் சொல்லுவார், வாசலில் காவல் நிற்கும் மலையகத்து ஹட்டன் அண்ணன் எப்படிச் சொல்லுவார் என்று ஒவ்வொருவராய் மாறி மாறிச் சொல்லி, அவர்கள் தட்டக்கூடிய எழுத்தெல்லாவற்றையும் எழுதினேன். பிறகு நாலிலும் மாறாமல் நிற்கிற எலும்பை மட்டும் வைத்து ஒப்பிடச் சொல்லி நிரல் எழுதினேன்.

நானாவும் மாஸ்டரும் என் வாயால் உச்சத்தில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தபோது, ரஞ்சன் அண்ணை கதவை மெதுவாகத் திறந்து தலையை மட்டும் நீட்டினார்: "உள்ளுக்க எத்தினை பேரடா இருக்கிறியள்? தேத்தண்ணி எத்தினை சொல்ல?"

சீனி கூடிய ஆறுமுகம்

முதல் கிழமையே அடி விழுந்தது. வாங்கிப் போட்ட படிவத்தில் 'முதற்பேர்', 'கடைசிப்பேர்' என்று இரண்டு பெட்டி. நாங்கள் தகப்பன் பேரைத்தானே முன்னால் போடுவோம்! ஆறுமுகத்தின் மகன் சுதாகரன் இரத்தம் கொடுத்தால், கொம்பியூட்டருக்கு அவன் பேர் ஆறுமுகம். மகனின் ரிப்போட்டை எடுக்கத் தாய் வந்து இருந்தா. வெள்ளைச் சேலை, நெற்றியில் திருநீறு மட்டும். நிலந்தி திரையைப் பார்த்து, "ஆறுமுகம் மஹத்தயா! சுகர் கூட, டொக்டரைப் பார்க்கச் சொல்லுங்க!" என்று கூப்பிட்டாள்.

அன்று பின்னேரமே இரண்டு பெட்டியையும் எந்த ஒழுங்கிலும் தேடி, முழுப் பேரையும் காட்டுகிற மாதிரி மாற்றிவிட்டேன். ஆனால் அதற்கு முன், அந்த அம்மா எழும்பி வந்து கவுண்டரில் இரண்டு கையையும் ஊன்றிக் கேட்டா: "அந்த மனிசன் போய்ச் சேர்ந்து எவ்வளவு காலம், பிள்ளை. அங்கயும் சீனி குறையேல்லையோ?"

தேர் இழுக்க ஆள்

பிழைத்த சந்தோசத்தில் நிரலைக் கொஞ்சம் தாராளமாக்கினேன். கிட்டத்தட்ட ஒத்தால் போதும், காட்டு என்றேன். டொக்டர் மெடம் 'சிவா' என்று அடித்தார். சிவகுமார், சிவராணி, சிவஞானம், தேவா, ஜீவா என்று கொட்டாஞ்சேனை முழுக்கத் திரையில் வரிசையில் வந்து நின்றது. பக்கம் உருண்டுகொண்டே போனது.

மெடம் கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, நான் ஒராளைத்தான் தேடுறன். தேரிழுக்க ஆள் சேர்க்கேல்லை."

'நம மொகத்த?'

நெருங்கிய பேர் மேலே, தூரத்துப் பேர் கீழே என்று அடுக்கிவிட்டேன். அதன்பிறகு பக்கம் தங்கமாய் ஓடியது. மாசத்தின் கடைசி நாள் மெடம் பக்கத்தை ஏற்றுக் கையெழுத்து வைக்கப் போகிறார் என்று புதுச் சேட்டும் போட்டுக்கொண்டு ஆய்வுகூடத்துக்குப் போனேன்.

அப்போதுதான் தெய்வானை அம்மா வந்தார். ஹட்டன் பக்கம். கொட்டாஞ்சேனையில் மகள் வீட்டில் தங்கியிருந்தார். கூட மருமகன். கர்ப்பப்பையில் சதை எடுத்துப் பரிசோதித்த ரிப்போட் வேண்டும், அது இல்லாமல் ஆஸ்பத்திரியில் ஒப்பரேசனுக்குத் திகதி கொடுக்கமாட்டார்களாம். இல்லையென்றால் திரும்பவும் சதை வெட்ட வேண்டும். "இன்னொருக்கா தாங்க மாட்டேன் தம்பி, நல்லா பாருங்க" என்றார்.

பார்த்தேன். தெய்வானையை எத்தனை விதமாய் எழுதலாமோ அத்தனை விதமாயும் தேடினேன். இல்லை. மெடம் என் பின்னால் வந்து நின்றார். "பெட்டியிலயெண்டால் இதுக்குள்ள எடுத்திருப்பம்."

மெடத்தைப் பாராமல் மருமகன் பக்கம் திரும்பினேன். "அண்டைக்குக் கவுண்டரில பேர் சொன்னது ஆர்?" என்று கேட்டேன்.

"நாந்தாங்க. மாமி பேரத்தான் குடுத்தேன். சத்தியமா" என்றார் மருமகன்.

நிலந்தியை எழுப்பிவிட்டு அவள் கதிரையில் இருந்தேன். அவளைப் போலவே ஆளைப் பாராமல் திரையைப் பார்த்தபடி, அவளைப் போலவே மூக்கைச் சுருக்கி, அவள் குரலில், சிங்களத்திலேயே பேர் கேட்டேன்: "நம மொகத்த?"

மனிதர் விறைத்து நிமிர்ந்தார். கை தானாகச் சேட்டுப் பைக்குப் போய் ஐசியை எடுத்து நீட்டியது. "முத்தையா யோகராஜா."

ஒருவரும் சிரிக்கவில்லை. சிங்களத்தில் பேர் கேட்டால் அடையாள அட்டையோடு சொந்தப் பேரை நீட்டிப் பழகாதவர் அந்த அறையில் நிலந்தி மட்டும்தான். காலி வீதிச் சோதனைச் சாவடியில் ஒரு தரம் பஸ்ஸால் இறங்கி ஏறினாலே பழகிவிடும்.

யோகராஜா என்று அடித்தேன். நிலந்தி 'யோ'வை 'ஜோ' ஆக்கி, வாலையும் நறுக்கித்தான் பதிந்திருந்தாள். என் இணையப் பக்கம் தடுமாறவில்லை, முதல் வரியிலேயே கொண்டுவந்து வைத்தது: திருவாளர் யோகராஜா, கர்ப்பப்பைத் திசு. மெடம் திசு மாதிரியின் இலக்கத்தையும் ஆஸ்பத்திரித் துண்டையும் இரண்டு தரம் ஒப்பிட்டார். பேரைத் திருத்திக் கையெழுத்து வைத்தார். வாசித்துவிட்டு, "புற்றுநோய் இல்லை, அம்மா. கட்டியை எடுத்தால் சரி" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "கூட வந்தவரின்ர பேருக்கும் ஒரு பெட்டி போடும். அட்டைப் பெட்டியெல்லாத்தையும் மேல பரணில ஏத்தச் சொல்லுறன்" என்றார்.

தெய்வானை அம்மா ரிப்போட்டை மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். இன்னும் ஐசியைப் பிடித்தபடி நின்ற மருமகனை மேலும் கீழும் பார்த்தார்.

"அதான் எல்லாம் ஒங்க பேருலயே இருக்கே மாப்புள்ள, ஒப்பரேசனுக்கும் நீங்களே போய்ப் படுத்துக்கிறீங்களா?"

எங்கள் சனத்தைத் தேடித்தரும் மென்பொருளை எந்தக் கெட்டிக்காரனும் எழுதலாம், ஆனால் கேட்ட உடனே நாங்கள் யாருடைய பேரைச் சொல்லுவோம் என்று தெரிந்த கெட்டிக்காரன் இப்போது வெள்ளவத்தையில், புடவைக் கடைக்கு மேல், நிரந்தரமாக ஒரு கதிரையில் இருக்கிறான்.