மூடுபனியில் நான் எழுதிய எண்ணிக்கை

குற்றாலத்தில் சீசன். ஐந்தருவிச் சாலையில் முன்னும் பின்னும் வண்டிகள் நிற்க, நடுவில் மாட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. இலத்தூர் பரமசிவத்தின் மருமகன் பேசினார். "அண்ணாச்சி, மாமா காலைல தவறிட்டாவ. நாலு மணிக்கு எடுக்கோம், வந்துருங்க." நான் போய்ச் சேர்ந்தபோது எடுத்துவிட்டு வாசலைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

தென்காசியில் நடந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்த நீங்கள் எல்லோரும் அவரைத் தங்கமான மனிதர் என்றீர்கள். வடதுருவக் கடலில் ஒரு தீவில், ஆறு கோடைக்காலம் அவரோடு ஒரே மரக்குடிலில் கிடந்தவன் நான். எனக்குத் தெரிந்த பரமசிவம் ஈரமே இல்லாத ஆள்.

பாறைச் சரிவில் கூடு வைக்கும் கடற்பறவைகளை ஆண்டுதோறும் எண்ணுவது எங்கள் வேலை. ஒருவர் தொலைநோக்கியில் எண்ணும்போது மற்றவர் துப்பாக்கியோடு முதுகு காட்டி நின்று, பனிக்கரடி வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு இடம் மாற்றிக்கொள்வோம். இருவரும் மையில் எழுதி முடிக்கும்வரை ஒருவர் எண்ணிக்கையை மற்றவர் கேட்கக் கூடாது. இது அவர் வைத்த சட்டம். ஒருமுறை கேட்டுவிட்டேன். "ஏலே கந்தா, ஓங் கண்ண வாடகைக்கா விட்டிருக்கே?" என்று சீறினார்.

ஆறாவது கோடையில் ஒரு நாள், அவர் எண்ணி முடித்து என் முறை வந்ததும் மூடுபனி இறங்கிவிட்டது. கீழ்த்தட்டுப் பாறை தெரியவில்லை. விரல்கள் மரத்துப்போயிருந்தன. போன வருட எண்ணிக்கையையே கொஞ்சம் மாற்றி எழுதிவிட்டேன். அந்தத் தட்டு குளிர்காலத்திலேயே இடிந்து கடலில் விழுந்திருந்தது. மூடுபனிக்கு முன்பே எண்ணிய பரமசிவம் அது இல்லாததைப் பார்த்திருந்தார்.

அன்று முகாமின் சாப்பாட்டு மேசையில், எங்களோடு வேலை பார்த்த வெளிநாட்டுக்காரர்கள் அத்தனை பேர் முன்னால் என் நோட்டை விரித்தார்.

"தட்டே கெடையாதேலே. கூடு எங்கன இருக்கு?"

"பனி மறைச்சிட்டு அண்ணாச்சி."

"அப்போ பாக்கலைன்னு எழுதணும். எழுதுனா கை ஒடிஞ்சிருமா?"

மறுநாள் அவரே மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார். தீவு வேலை அதோடு போயிற்று. அந்தத் துறையில் வேறு யாரும் என்னைச் சேர்க்கவில்லை. ஆய்க்குடிக்குத் திரும்பி வயலைப் பார்க்கலானேன். கரடி வந்தால் நான் காப்பாற்றுவேன் என்று நம்பி எண்ணிக்கொண்டிருந்த மனிதருக்கு, என்னைத் தனியே கூப்பிட்டுத் திட்ட மனம் வரவில்லை. பக்கத்து ஊர்க்காரன் என்றுகூடப் பார்க்கவில்லை. அவர் செய்தது சரிதான். அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

பல வருடம் கழித்து, தென்காசி பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"கோவம் தீந்துதாலே?"

"இல்ல."

"சரி. உள்ளதைச் சொல்லுதே" என்று இலத்தூர் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை கிடையாது.

கூட்டம் முடிந்ததும் மருமகன் ஒரு நோட்டை நீட்டினார். "கடைசியா மாமா முகத்தப் பாத்தத ரெண்டு வரி எழுதுங்க அண்ணாச்சி." தூங்குவதுபோல இருந்தார், சிரித்தபடி கிடந்தார் என்றெல்லாம் பலர் எழுதியிருந்தார்கள். நானும் அப்படி எழுதியிருக்கலாம். யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பாழாய்ப்போன பழக்கம் ஒன்றுதான். பேனாவை வாங்கி, "பார்க்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.