ஸ்டெல்லா நிறுத்திய மூன்று கதவுகள்

ஸ்டெல்லா போன செய்தி, இங்கே அவளுக்காகக் கூடியிருக்கும் உங்களுக்கெல்லாம் எப்படி வந்ததோ, எனக்கு ஃபோனில் வந்தது. "அங்கிள், அம்மா எழுந்திருக்க மாட்டேங்கறாங்க" என்றாள் ரோசி, ஸ்டெல்லாவின் மகள். ஓடினேன். ஓடும்போதே தெரியும், நான் முந்தின நாள் ஓடியிருக்க வேண்டும் என்று.

பெங்களூர் ஜோகுபாளையத்தில் ஸ்டெல்லாவும் நானும் கூட்டாக போர்டு எழுதும் கடை வைத்திருந்தோம். தொண்ணூறுகளில் ஒரு பெண் பேய் வந்து கதவைத் தட்டுகிறது என்று ஊரே நடுங்கியது. கதவில் கன்னடத்தில் 'நாளெ பா', அதாவது 'நாளை வா' என்று எழுதி வைத்தால் திரும்பிப் போய்விடுமாம். எங்களிடமே எழுதச் சொல்லி வந்தார்கள். ஸ்டெல்லா அழகாக எழுதிக் கொடுத்துவிட்டு, "அதுக்குக் கன்னடம் படிக்க வருமாண்ணா?" என்று என்னிடம் கேட்பாள்.

அதிலிருந்து பிறந்ததுதான் அந்தக் கண்காட்சி. சர்ச் ஹாலில் மூன்று பழைய கதவுகளை நிறுத்தினாள். ஒன்றில் 'நாளெ பா'. இன்னொன்றில் படமெடுத்த பாம்பு. மூன்றாவதில் ஒன்றுமில்லை. எதைத் திறக்கப் பயமோ அதை முதலில் திறக்கச் சொல்வாள். பேய்க்கதவின் முன்னால் கூட்டம் மொய்த்தது. திறந்தால் வெறும் சுவர். பாம்புக்கதவுக்குப் பின்னாலும் சுவர்தான். கடைசியாக அந்தச் சும்மா கதவைத் திறந்தால் பம்ப் ஸ்டவ், நைலக்ஸ் புடவை, பாசி பிடித்த பாத்ரூம் கல், பிரிக்காத பிரஷர் மாத்திரை. "பேய் அடிச்சு நம்ம தெருவுல யாரும் போகல. இதுங்க கூட்டிட்டுப் போன ஆளுங்கள உங்களுக்கே தெரியும்" என்பாள். பக்கத்தில் நின்று எல்லோருக்கும் விளக்கம் சொன்ன மேதாவி நான்.

போன வாரம் ஊரில் கலாட்டா என்று வதந்தி. சாயங்காலம் கடையில் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு ஸ்டெல்லா சொன்னாள்: "அண்ணா, நெஞ்ச அழுத்துது. ஒருக்கா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாமா?"

"ரோட்டுல கல்லு வீசறாங்களாம். உனக்கு வெறும் வாயுவாத்தான் இருக்கும்மா. காலைல மொத வேலையா கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

அவளை வீட்டில் விட்டுவந்தேன். வழியில் ஒரு கல்லும் விழவில்லை. பேக்கரி வாசலில் ஆட்கள் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்தும் இந்தப் பாவிக்கு உறைக்கவில்லை.

அடக்கம் முடிந்ததும் ரோசி கேட்டாள்: "அம்மா உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாங்களா அங்கிள்?"

"ஒண்ணும் சொல்லலம்மா" என்றேன், குழியின் மண் காய்வதற்குள்.

அவளுடைய பிரஷ்களை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் தங்கியிருப்பது அவள் கேட்ட கடைசிக் கேள்விதான். ரோசி, உன் அம்மா கேட்டாள். கூட்டிக்கொண்டு போகாதவன் நான்.