வராதவர் செய்த இருவர் வேலை

நண்டுச் சதையைத் தகரப் பேணியில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் தொழிலில் தினமும் காக்க வேண்டியவை இரண்டு: ஒன்று குளிர், மற்றது ஆட்கள், இவற்றுள் குளிர்தான் சொன்ன சொல் கேட்கும். திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய அப்படியொரு தொழிற்சாலையில் நான் நீண்டகாலமாக நிர்வாக அலுவலராக இருக்கிறேன். புதிய இயந்திரம் வந்து இறங்கும்போதெல்லாம் அதன் கையேட்டை வாசிக்கும் பொறுப்பு எவர் தலையில் விழுகிறதோ, அவருக்காகவே இவற்றை எழுதுகிறேன். உங்கள் அலுவலகத்திலும் அப்படி ஒருவர் இருப்பார். பெரும்பாலும் அது நீங்களாகவே இருப்பீர்கள்.

விரல்

ஒரு நாள் காலை ஆறு மணி இருபது நிமிடம். வாடைக்காற்றில் மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. வாசலில் பெண்கள் குடையை மடக்கவும் இடமில்லாமல் வரிசையில் நின்றார்கள். சுவரில் புதிதாகப் பொருத்திய கைரேகை இயந்திரத்தில் விரல் வைத்த பிறகே எவரும் உள்ளே போகலாம் என்பது எங்கள் முகாமையாளர் சுதர்சனின் உத்தரவு. நாட்கூலியை முன்போலவே மண்டபத்தில் தலை எண்ணிக் கொடுப்போம். ஆனால் இனி யாரை நிரந்தரமாக்குவது என்பதை இயந்திரத்தில் பதிந்த வரவை மட்டும் வைத்து முடிவு செய்வோம் என்று அவர் அறிவித்திருந்தார். அதாவது, இயந்திரம் ஒருவரைக் கண்டுகொள்ளாவிட்டாலும் அன்றைய கூலி கிடைத்துவிடும். நிரந்தரம் மட்டும் கிடைக்காது.

கிண்ணியாவிலிருந்து வரும் ரமீசாவுக்கு அந்த நிரந்தரம் வேண்டியிருந்தது. முந்தைய ஆண்டு டெங்குக் காய்ச்சலில் படுத்திருந்தபோது, நாட்கூலிக்கு வருபவர் படுக்கையில் விழுந்தால் அவர் எங்களுக்கு யாருமே இல்லை என்பதை அவர் நன்றாக அறிந்துகொண்டார். சம்பளத்துடன் விடுமுறையும் ஓய்வுக்காலத்துக்கான சேமலாப நிதியும் நிரந்தரமானவர்களுக்கே உரியவை. எங்கள் மண்டபத்தில் சதையில் ஓட்டுத்துண்டு ஒன்றுகூட விழாமல் எடுப்பவர் அவர்தான். ஆனால், ஆண்டுக்கணக்காக ஐஸ் தண்ணீரிலும் நண்டு ஓட்டிலும் தேய்ந்த அவருடைய விரலை இயந்திரம் ஏற்கவில்லை. "மறுபடியும் முயலுங்கள்" என்று ஆங்கிலத்தில் இனிமையாகச் சொல்லிக்கொண்டே இருந்தது.

கொழும்பிலிருந்து வந்த தொழில்நுட்பவியலாளர் கைக்குக் கிறீம் பூசச் சொன்னார். கிறீம் பூசிய கையோடு சதை எடுக்கும் மண்டபத்துக்குள் நுழையக்கூடாது என்ற விதியை மண்டபக் கதவில் கையொப்பமிட்டு ஒட்டியிருப்பவள் நான். ஆகவே வாசலில் ஒரு பாத்திரத்தில் இளஞ்சூட்டுத் தண்ணீரும் துடைக்க ஒரு துவாயும் வைத்தேன். அதிலும் சில நாள் விரல் பதிந்தது, பல நாள் பதியவில்லை. ரமீசா துவாயை என்னிடம் திருப்பித் தந்துவிட்டுச் சொன்னார்: "மிஸ், என்ட விரல உங்கட நண்டு திண்டுட்டு. அதுக்கிட்டயே கேளுங்க, நான் வந்தனானா இல்லியா எண்டு."

முன்னால் நின்றவர்

இயந்திரங்கள் எல்லாமே எங்களுக்குத் துன்பம் செய்தன என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். லொறியின் குளிர்ப்பெட்டிக்குள் ஒரு சிறு வெப்பமானிப் பெட்டியைப் பூட்டினோம். உள்ளே எத்தனை பாகைக் குளிர், லொறி இப்போது எங்கே என்பதை அது உடனுக்குடன் எங்களுக்கும் வாங்குபவர்களுக்கும் காட்டியது. அதைப் பார்த்தே புதிய நிறுவனம் ஒன்று கடல் கடந்து எங்களிடம் வந்தது. அதன் கொள்வனவு அதிகாரி ஒரு பெண்மணி. கேள்விகளால் மனிதரைக் களைக்கச் செய்பவர். ஆனால் அவருடைய கொள்முதல் ஓடரால்தான் எங்கள் மண்டபத்தில் மேலும் ஒரு வரிசை மேசை போட முடிந்தது.

லொறிச் சாரதி செல்வம் மட்டும் அந்தப் பெட்டியைத் தன் மாமியார் என்றே குறிப்பிடுவார். ஒரு மாலை, தம்பலகாமத்தைத் தாண்டியதும் லொறி அசையாமல் நின்றது. கணினித் திரையில் அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்த சுதர்சன் போனை ஒலிபெருக்கியில் போட்டு, "ஏன் செல்வம் நிக்குது? தேத்தண்ணிக் கடையா?" என்றார். "யானை, சேர்" என்றார் செல்வம். "எவ்வளவு நேரம் எடுக்கும்? அங்க வாங்கிற ஆக்கள் கேக்கினம்." பிறகு பதில் வந்தது: "அப்ப முன்னால நிக்கிறவருக்கும் ஒரு பெட்டியைப் பூட்டி விடுங்கோ, சேர். அவர் எப்ப நகருவார் எண்டு எனக்கும் தெரியவரும்."

வெள்ளிக்கிழமை வாக்குறுதி

அடுத்து வந்தது, மின்னஞ்சல்களுக்குத் தானே பதில் எழுதும் ஒரு மென்பொருள். அதன் ஆங்கிலம் என் ஆங்கிலத்தைவிடச் செம்மையானது. அதன் பொறுமை என் பொறுமைக்குச் சமமானது. அதற்கு இல்லாதது ஒன்றுதான்: எங்களுக்கு நண்டு வரும் குச்சவெளிப் பக்கம் ஒரு நாளாவது போன அனுபவம். வாரத்தின் எல்லா நாளும் அன்று பிடித்த நண்டு கிடைக்குமா என்று கொள்வனவு அதிகாரி கேட்டதற்கு, மகிழ்ச்சியுடன் உறுதியளிப்பதாக அது எழுதி அனுப்பிவிட்டது. நான் அதைக் கண்டபோது நன்றிக் கடிதமும் வந்து சேர்ந்திருந்தது.

எங்களுக்குக் குச்சவெளியில் நண்டு சேர்த்துத் தருபவர் காதர் நானா. வெள்ளிக்கிழமை தொழுகை நாள் என்பதால் அவருடைய வள்ளங்கள் அன்று கடலில் இறங்குவதில்லை. இது எங்கும் எழுதி வைக்காத ஏற்பாடு; எழுதாமலே எல்லோருக்கும் தெரியும் என்பதால் மென்பொருளுக்கு நாங்கள் அதைச் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. சுதர்சனின் சார்பில் நான் போன் எடுத்து, ஒரேயொரு வெள்ளிக்கிழமை மட்டும் இறங்க இயலுமா என்று கேட்டேன். காதர் நானா கோபப்படவில்லை. "அந்தத் தம்பி ஆரு மிஸ், வெள்ளிக்கிழமை நண்டு தாறன் எண்டவரு? அவரையே வள்ளத்துல ஏத்தி விடுங்க. நாங்க ஜும்ஆ முடிச்சிட்டு வந்து இறக்கி எடுக்கிறம்."

கொள்வனவு அதிகாரிக்கு உண்மையை நானே எழுதினேன். வெள்ளிக்கிழமைகள் விடுபட்டன, ஓடர் கைநழுவாமல் தப்பியது.

வழிப்பக்கக் கதிரை

எங்கள் மண்டபத்தில் பெண்கள் சோடியாகவே இருப்பார்கள். ஒருவர் அவித்த நண்டின் ஓட்டை உடைப்பார். மற்றவர் சதையைப் பொறுக்குவார். கை மரத்ததும் மாறிக்கொள்வார்கள். தட்டம் நிறைந்தால், நடைபாதையை ஒட்டிய வழிப்பக்கக் கதிரையில் இருப்பவர் எழுந்து தராசுக்குக் கொண்டுபோவார். ரமீசாவின் சோடி, சாம்பல்தீவிலிருந்து வரும் புஸ்பராணி. ஏற்கெனவே நிரந்தரமானவர், விரலும் நன்றாகப் பதியும். சாய்ந்துகொள்ள வசதி என்று அவர் சுவர்ப்பக்கமே இருப்பார். ஆகவே தட்டம் எப்போதும் ரமீசாவின் கையில்தான் போகும்.

கொள்வனவு அதிகாரி, ஒவ்வொரு பேணியும் எவர் கையால் வந்தது என்று தெரிய வேண்டும் என்றார். அதற்காகப் புதிய தராசு வந்தது. தட்டத்தை வைத்து, கழுத்தில் தொங்கும் படம் போட்ட அட்டையைக் காட்டினால் நிறையும் ஆளின் இலக்கமும் கணினிக்குப் போகும். அந்த இலக்கம் பேணியிலும் பதியும். சோடியில் இருவருக்கும் இரண்டு அட்டை கொடுத்தோம். தராசு ஒரு தடவைக்கு ஓர் அட்டையைத்தான் ஏற்கும். இதைப் பற்றி நான் சுதர்சனிடம் சொன்னேன், எழுதியும் கொடுத்தேன். பிறகு பார்ப்போம் என்றார். புஸ்பராணி தன் அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு ரமீசாவிடம் சொன்னார்: "படம் வடிவாத்தான் விழுந்திருக்கு, அக்கா. கலியாணம் பேசிற ஆக்களுக்குக் காட்டலாம். தராசுக்குக் காட்ட ஒரு நாளும் கிடைக்காது."

அறிக்கை

மாரி ஓய்ந்து, கச்சான் என்னும் வறண்ட மேல்காற்று தொடங்கிய பின்பு, விரலின் பதிவையும் தராசின் பதிவையும் சேர்த்து ஆராயும் வேலையும் மென்பொருளிடமே போயிற்று. அதன் முதல் அறிக்கையை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். அதன்படி, ரமீசா பெரும்பாலான நாட்கள் வேலைக்கு வரவில்லை. ஆயினும் இருவர் எடுக்கும் சதையை ஒருவராகவே எடுத்திருக்கிறார். புஸ்பராணி ஒரு நாளும் தவறாமல் வந்திருக்கிறார். ஆயினும் ஒரு பிடி சதையும் எடுக்கவில்லை. முன்னவரின் அட்டை முறைகேடாகப் பயன்படுத்தப்படுகிறதா என்று விசாரிக்கலாம், பின்னவரை எச்சரிக்கலாம் என்பது அதன் பரிந்துரை.

சுதர்சன் கெட்ட மனிதரல்ல. அறிக்கை தவறு என்று அவருக்கும் தெரியும், தெரிந்தும், "சிஸ்டத்தில இப்பிடி இருக்கேக்க நான் எப்பிடி மிஸ் அவவை நிரந்தரமாக்கிறது? மேல கேட்டா என்ன சொல்லுறது?" என்றார். நிரந்தரமாக்குவோர் பட்டியலில் ரமீசாவின் பெயரை நிறுத்திவைக்கும்படி என்னிடம் கூறினார். வாசலில் ஒவ்வொரு நாளும் அவருக்குத் துவாய் எடுத்துக் கொடுத்தவள் நான்; இந்தச் செய்தியையும் நானே கொடுப்பதுதான் முறை என்று நினைத்தேன். ரமீசா தட்டத்திலிருந்து கையை எடுக்காமல் முழுவதையும் கேட்டார். பிறகு என்னிடம் கேட்டார்: "அப்ப வராம இருந்தா நான் இன்னும் கூட வேலை செய்வன் போல, என்ன மிஸ்?"

வெளிநாட்டு அம்மா

சில நாட்களில் கொள்வனவு அதிகாரி காணொளியில் எங்கள் மண்டபத்தைப் பார்க்க விரும்பினார். தொப்பியும் முகக்கவசமும் நீண்ட சப்பாத்தும் அணிந்த சுதர்சன், கைத்தொலைபேசியை நீட்டிப் பிடித்துக்கொண்டு மேசைகளுக்கு இடையே நடந்தார். ஆங்கிலத்தில் பேசப்படும் அனைத்தையும் வேலை செய்பவர்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும் என்று அதிகாரி கேட்டிருந்ததால் நான் பக்கத்தில் நின்றேன். முதலில் அவர் ஓர் இலக்கத்தைச் சொல்லி, ஓட்டுத்துண்டே இல்லாத பேணிகள் அந்த இலக்கத்திலிருந்துதான் வருகின்றன, அவரைக் காண வேண்டும் என்றார். ரமீசா எழுந்து நின்றார். "ஓட்டை உடைக்கிறது இவ, பொறுக்கிறது நான், மாறி மாறிச் செய்யிறம் எண்டு சொல்லுங்க, மிஸ்" என்று புஸ்பராணியின் தோளைத் தொட்டுக் காட்டினார். சொன்னேன்.

அதன் பிறகே அதிகாரியின் அந்தக் கேள்வி வந்தது. நீங்கள் எங்களுடன் பகிர்ந்த பதிவுகளில் இவர் பல நாட்கள் வரவில்லை என்று இருக்கிறது. அப்படியானால் அந்தப் பேணிகளை நிரப்பியது யார்? நிரப்பியவர் யார் என்று தெரியாத பேணிகளை நாங்கள் ஏற்க இயலாது. சுதர்சன் கைத்தொலைபேசியைத் தன் முகத்துக்கு நேரே திருப்பினார். அவர் தெளிவாகப் பதில் சொன்னார்: இவர் ஒவ்வொரு நாளும் வந்தார், நானே என் கண்ணால் கண்டேன், இயந்திரம் பிழை. நான் அதைத் தமிழில், மண்டபத்தின் கடைசி மேசைக்கும் கேட்கும்படி சொன்னேன். ஒரு சொல்லைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

அழைப்பு முடிந்தது. எவரும் வேலையைத் தொடங்கவில்லை. சுதர்சன் கைத்தொலைபேசியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வாசலை நோக்கித் திரும்பினார். சுவர்ப்பக்கத்திலிருந்து புஸ்பராணியின் குரல் வந்தது, சத்தமாக அல்ல, சந்தேகம் கேட்பதைப் போல: "வெளிநாட்டு அம்மாவுக்கு ஒவ்வொரு நாளும் வந்தவ, எங்கட ஒபிஸ் கணக்குக்கும் வந்தவதானே, சேர்?"

சுதர்சன் நின்றார். என்னைப் பார்த்தார், மண்டபத்தைப் பார்த்தார். "ஓம்" என்றார். பிறகு என்னிடம், "இண்டைக்கே பேரைப் போடுங்கோ மிஸ், நாளையிலயிருந்து நிரந்தரம். அந்தக் கொழும்புத் தம்பிக்குச் சொல்லி மெஷினையும் கொஞ்சம் இளக்கி விடச் சொல்லுங்கோ" என்றார். இரண்டையும் அன்று மாலைக்குள் செய்து முடித்தேன். தொழில்நுட்பவியலாளர் கொழும்பில் இருந்தபடியே இயந்திரத்தின் கண்டிப்பைத் தளர்த்திவிட்டார்.

மறுநாள் காலை

மறுநாள் வெள்ளிக்கிழமை. காதர் நானாவின் வள்ளங்கள் கரையில் இருந்தன. அவர் ஜும்ஆவுக்குப் போவதற்கு முன் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருப்பதாகப் போனில் சொன்னார். செல்வம் முதல் நாள் அடைத்த பேணிகளுடன் கொழும்புக்குப் புறப்பட்டார், போகும்போது வெப்பமானி பூட்டிய குளிர்ப்பெட்டியைத் தட்டி, "மாமி, வெளிக்கிடுவமே?" என்று கேட்டார். சுதர்சன் வழக்கத்துக்கு முன்பே வந்து, உள்ளங்கை நரம்பைப் படிக்கும் புதிய இயந்திரம் ஒன்றின் விளக்கப்படத்தை என் மேசையில் வைத்தார். அதன் கையேடு வேறாக வருமாம்.

ரமீசா வேலைக்கு வரவில்லை. அவரே எனக்குப் போன் எடுத்தார். உடம்புக்கு என்ன வருத்தம் என்று கேட்டேன். "வருத்தம் ஒண்டுமில்ல, மிஸ். சம்பளத்தோட லீவு எண்டா எப்பிடி இருக்கும் எண்டு பாக்கிறதுக்குத்தான்" என்றார். குரலில் சிரிப்பு இருந்தது. பின்னால் எங்கோ ஒரு வானொலியும் பாடியது. உங்கள் விடுமுறையைப் பதிந்துகொள்கிறேன் என்றேன்.

புஸ்பராணி தனியாக வந்து, இளக்கிய இயந்திரத்தில் விரலை வைத்தார். அது முதல் தடவையிலேயே ஏற்றுக்கொண்டு, நன்றி சொல்லி, திரையில் ரமீசாவின் பெயரைக் காட்டியது. புஸ்பராணி அதை வாசித்துவிட்டு, உள்ளே போய் வழிப்பக்கக் கதிரையில் அமர்ந்தார்.

வந்த நாளெல்லாம் வராதவராக இருந்த ஒருவர், வராத முதல் நாளில் சரியான நேரத்துக்கு வந்துவிட்டார் என்பதைக் கையால் திருத்தி எழுதுவதற்குத்தான் எங்களைப் போன்றவர்களை இன்னும் வேலையில் வைத்திருக்கிறார்கள்.