வேவ் பூலை வற்றவிட்ட வாரம்

எங்கள் பார்க் கைமாறப் போகிறது என்று தெரிந்ததும் எல்லாரும் வேலை இருக்குமா போகுமா என்று பேசிக்கொண்டார்கள். எனக்கும் அந்தக் கவலை இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் புது ஓனர் அனுப்பிய இன்ஜினியர் வந்து, "வேவ் பூலை முழுசா வத்த வெச்சு அடித்தளத்தைப் பார்க்கணும்" என்று சொன்ன அன்றைக்கு என் நெஞ்சு அடித்துக்கொண்டது வேறு காரணத்துக்கு.

தாம்பரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் போனால் இருபது நிமிஷம். சின்ன பார்க்தான். ஒரு ராட்டினம், நாலு சறுக்கு, மெஷின் வைத்து அலை எழுப்புகிற ஒரு வேவ் பூல். நான் பெண்கள் காஸ்ட்யூம் கவுன்ட்டரில் இருக்கிறேன். நைலான் பேன்ட் சட்டையை வாடகைக்குக் கொடுப்பது, நகையை லாக்கரில் வைத்துப் பூட்டிச் சாவியைக் கையில் கட்டிவிடுவது, இதுதான் வேலை. வளையல், தோடு, சங்கிலி எல்லாவற்றையும் கழற்றித் தருவார்கள். தாலியை மட்டும் கழற்ற மாட்டார்கள். நானும் கேட்க மாட்டேன். என் கழுத்தில் கிடப்பது சிலுவை போட்ட தாலி. அவர்கள் கழுத்தில் வேறு வேறு மாதிரி. எதுவாயிருந்தாலும் சட்டைக்கு உள்பக்கம் சேர்த்துப் பிடித்து ஓர் ஊக்கு குத்திவிடுவேன். யாரும் சொல்லிக் கொடுத்து வந்ததில்லை. நானாகச் செய்தது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண் வந்தாள். கல்யாணமாகி இருபது நாள். மஞ்சள் கயிறும் அதில் நாமம் போட்ட தாலியும் பளபளவென்று இருந்தன. கூடப் புருஷனும் மாமியாரும்.

"தைரியமா இறங்கலாமாக்கா?" என்று கேட்டாள்.

"ஊக்கு போட்டாச்சு. யானை இழுத்தாலும் வராது. போம்மா" என்றேன்.

ஒரு மணி நேரம் கழித்துக் கழுத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு வந்தாள். அலையில் கயிறு அறுந்து தாலி போய்விட்டது. சட்டையைத் திருப்பிப் பார்த்தோம். ஊக்கைக் காணோம்.

மாமியார் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஊக்கு போட்டேன்னியே, எங்கேம்மா ஊக்கு? உன்னோடது மட்டும் கழுத்துல பத்திரமா இருக்குல்ல?" வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். போட்டேனா, அவசரத்தில் விட்டுவிட்டேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

பார்க் பையன்கள் சாயங்காலம் வரை வலை போட்டுத் தேடினார்கள். கிடைக்கவில்லை. கடைசியில் கேன்டீன் அம்மா தன் சாமி மாடத்திலிருந்து ஒரு மஞ்சள் கிழங்கை எடுத்துக்கொண்டு வந்தாள். காஸ்ட்யூம் மூட்டை கட்டுகிற நூலில் அதைக் கோத்து, டிக்கெட் கவுன்ட்டர் முன்னாலேயே அந்தப் பையன் மறுபடியும் பெண்டாட்டி கழுத்தில் முடிச்சுப் போட்டான். தலை ஈரம் சொட்டச் சொட்ட. நான் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

சகுனம் பார்க்கக் கூடாது என்று எங்கள் சபையில் சொல்வார்கள். எனக்கும் தெரியும். ஆனாலும் அன்றையிலிருந்து முழங்கால் போடும்போதெல்லாம், "அந்தப் பிள்ளையோட புருஷனுக்கு நீடித்த ஆயுசைக் கொடும் ஆண்டவரே" என்று ஒரு வரி தானாக வரும். புகார் நோட்டில் அவர்கள் எழுதின கோவிலம்பாக்கம் விலாசத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்திருந்தேன். போய்ப் பார்க்க மட்டும் தைரியம் இல்லை. ஏதாவது ஆகியிருந்தால்?

பழைய சார் வேவ் பூலை ஒருநாளும் முழுசாக வடித்ததில்லை. அவ்வளவு தண்ணீருக்கு எங்கே போவது? பாதியை விட்டுவிட்டு, மேல் அழுக்கை உறிஞ்சி எடுத்து, திரும்ப நிரப்புவார்கள். ஆழப் பக்கத்தில் கம்பி வலைக்குப் பின்னால், அடியில் இழுபடுவதெல்லாம் போய்ச் சேருகிற ஒரு தொட்டி உண்டு. அதை யாரும் திறந்ததே இல்லை. பழைய சாருக்கு முட்டி தேய்ந்து, கேட்டிலிருந்து ராட்டினம் வரைகூட நடக்க முடியாமல் போனதால்தான் விற்றார்.

வாங்கியவர் எங்களுக்குத் தெரிந்தவர்தான். திருமுடிவாக்கத்தில் வெல்டிங் யூனிட் வைத்திருக்கிறார். எங்கள் ராட்டினத்தில் எது உடைந்தாலும் அவர்தான் வந்து பற்றவைப்பார். ஓனரான பிறகும் அதே கிரீஸ் படிந்த சட்டைதான்.

அவரிடம் போய் நின்றேன். "சார், தொட்டியில வர்ற சேத்தை லாரியில ஏத்தறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை பார்க்கணும்."

"இன்னாக்கா கீது அதுல?"

"ஒரு பொண்ணோட தாலி சார்."

சேறு அள்ள வந்த கான்ட்ராக்டர் சிரித்தான். "ஆறு வருஷத்து சேறுக்கா. எருமை வியுந்திருந்தாலே கெடைக்காது, நீ தாலி தேடறியா?"

"நீ சும்மா இருப்பா" என்றார் புது சார். என் பக்கம் திரும்பினார். "ரெண்டு நாளு எடுத்துக்கோக்கா. லாரி அப்பால வரட்டும்."

வீட்டில் சொன்னதற்கு என் வீட்டுக்காரர், "முத்துக் குளிக்கத் தூத்துக்குடிக்குப் போவாங்க. நீ தாம்பரத்துலயே குளிக்கப் போற" என்று கேலி செய்தார். ஆனால் விடியற்காலையில் ஐந்தரைக்கெல்லாம் வண்டியை எடுத்து வைத்துவிட்டார்.

போய்ப் பார்த்தால் குளம் வற்றியிருந்தது.

அதை எப்படிச் சொல்வது? இத்தனை வருஷம் நான் பார்த்தது தண்ணீரின் மேல்முகத்தைத்தான். உள்ளே இவ்வளவு பெரிய சரிவா? நீலத் தரை இறங்கி இறங்கிப் போய், கடைசியில் சுவர் என்னைப் போல் இரண்டு ஆள் உயரத்துக்கு நின்றது. அலை கிளம்புகிற வாய் ஐந்தும் குகை மாதிரி இருட்டாக இருந்தன. செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். சமுத்திரம் பிளந்து வழிவிட்ட கதையை ஞாயிறு பள்ளியில் கேட்டபோது, நடந்து போனவர்களுக்குப் பயமாக இருந்திருக்குமா என்று டீச்சரிடம் கேட்டிருக்கிறேன். இப்போது தெரிந்தது. பயம்தான். ஆனால் திரும்பிப் போகத் தோன்றாத பயம்.

புது சார் தன் யூனிட்டிலிருந்து மூன்று சல்லடை செய்து கொண்டுவந்திருந்தார். ராத்திரியே கம்பி வலையைச் சட்டத்தில் பற்றவைத்து, கையைக் கிழிக்காமலிருக்க ஓரத்தையெல்லாம் அரம் போட்டு ராவியிருந்தார். பேன்ட்டை மடித்துக்கொண்டு அவரும் உட்கார்ந்துவிட்டார். கேன்டீன் அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். சேற்றை வாளியில் அள்ளி வந்து கொட்டக் கொட்ட, ஹோஸ் பிடித்து அலசினோம்.

ஹேர்பின், ஸ்டிக்கர் பொட்டு, ரூபாய்க் காசு, ஒற்றைக் கொலுசு, பல் செட் ஒன்று, மெட்டி ஏழு. "பத்திரத்துல உள்ளது உள்ளபடின்னு எய்தி வாங்கினேன். பல்லு செட்டு உள்ளதுன்னு எவனும் சொல்லலையே!" என்றார் சார். கேன்டீன் அம்மா சிரித்த சிரிப்பில் ஹோஸ் அவர் மேலேயே திரும்பிவிட்டது.

இரண்டாம் நாள் மத்தியானம் ஒரு தாலி கிடைத்தது. கழுவினேன். சிலுவை போட்டது. அப்படி ஒன்று போனதாக யாரும் வந்து சொன்னதே இல்லை. யாரோ ஒருத்தி வாயைத் திறக்காமல் வீட்டுக்குப் போயிருக்கிறாள். சார் அதை ஒரு பேப்பரில் மடித்து ஆபீஸ் பீரோவில் வைக்கச் சொன்னார்.

வெயில் சாயும்போது, கடைசி வாளிக்கு முந்தின வாளியில், நாமம் போட்ட தாலி வந்தது. கயிறு மக்கிப்போயிருந்தது. பொன் மட்டும் நேற்றுச் செய்தது போல இருந்தது. ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"எனக்கு வித்ததுல இது சேராதுக்கா. போய்க் குடுத்துட்டு வா" என்றார் சார்.

மறுநாள் என் வீட்டுக்காரர் வண்டியில் கோவிலம்பாக்கம் கூட்டிப்போனார். கதவைத் திறந்தது அவளேதான். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, நெற்றியைத்தான் பார்த்தேன். பொட்டு இருந்தது. வகிட்டில் குங்குமம் இருந்தது. புருஷன் சிறுசேரிக்கு வேலைக்குப் போயிருக்கிறார் என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாமியார் உள்ளேயிருந்து வந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு முகத்தைச் சுளித்தார். நான் கர்ச்சீப்பைப் பிரித்து அவர் கையில் தாலியை வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நம்முளுதுதான்டி" என்றார்.

அந்தப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அத்தே, ஊக்கை நான்தான் கழட்டினேன்."

"என்னது?"

"குத்துச்சு. கழட்டித் தண்ணிலயே போட்டுட்டேன். நீங்க இவங்களத் திட்டினப்போ பயத்துல சொல்லல. பார்த்துக்கிட்டே நின்னேன்." என்னிடம் திரும்பினாள். "உங்களுக்கு வேலை போயிருக்கக் கூடாதுன்னு தினம் விளக்கேத்தறப்போ வேண்டிக்குவேன்க்கா. வந்து பார்க்கத்தான் தைரியம் வரல."

அப்படியானால் நான் போட்டிருக்கிறேன். என் கை மறக்கவில்லை. அதைவிட இன்னொன்று என்னை அசைத்துவிட்டது. நான் அவள் புருஷனுக்காகக் கேட்டுக்கொண்டிருந்த அதே வருஷங்களில், முகம்கூட ஒழுங்காகத் தெரியாத இவள் என் பிழைப்புக்காகக் கேட்டிருக்கிறாள். பார்க் கைமாறியும் என் வேலை இருக்கிறது. அவள் புருஷன் இருக்கிறார். இதைக் கர்த்தர் எப்படிக் கோத்தார் என்று யோசித்தால் இன்றைக்கும் எனக்குத் தலை சுற்றுகிறது.

மாமியார் சோபாவில் சரிந்து உட்கார்ந்தார். "அடிப்பாவி. ஆறு வருஷமா இவங்களத் திட்டிக்கிட்டு இருக்கேனேடி. போன மாசம் எதிர்வீட்டு வளைகாப்புலகூட உக்காந்து திட்டினேன்."

"அதான் இவளுக்கு அடிக்கடி விக்கல் வருது" என்றார் என் வீட்டுக்காரர்.

முதலில் மாமியாருக்குத்தான் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். மன்னிப்பு என்று வாயால் சொல்லவில்லை. "சாப்பிடாம போகக் கூடாது" என்று மட்டும் சொன்னார்.

தட்டு வைத்துச் சோறு போட்டார்கள். எங்கள் வழக்கப்படி நான் கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னேன். சொல்ல வேண்டியது நிறைய இருந்ததால் கொஞ்சம் நீண்டுவிட்டது. கண்ணைத் திறந்து பார்த்தால், மாமியார் சாம்பார்க் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி, நான் முடிக்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தார்.