கொம்பில்லாத ஜோடி

எங்கள் வீட்டு வைஃபை பெட்டியைத் தேர்ந்தெடுத்தவர் ஒரு மாட்டுத் தரகர் என்று சொன்னால் கல்லூரித் தோழிகள் யாரும் நம்புவதில்லை. அவர் என் பெரியப்பா, அப்பாவின் அண்ணன். திருச்சுழிப் பக்கம் அவர் பார்வை படாமல் ஒரு ஜோடி மாடு கைமாறியது கிடையாது. அப்பா தூத்துக்குடி ரோட்டில் லாரி ஓட்டிக்கொண்டு, பத்து நாளைக்கு ஒருமுறை தலை காட்டுவார். அதனால் பந்தல்குடியில் எங்கள் வீட்டுக்கு எது வாங்கினாலும் அண்ணன்காரர்தான் முன்னால் நிற்பார். அது மிக்சியானாலும் சரி, என் பள்ளிக்கூடப் பையானாலும் சரி.

நான் அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். துபாயிலிருந்து லீவில் வந்த மாமா எனக்கொரு வீடியோ கேம் பெட்டி கொண்டுவந்து கொடுத்திருந்தார். அவர் துபாய் திரும்பியதும் அவர் மகன் அங்கிருந்தபடியே என்னைக் கால்பந்தாட்டத்துக்குக் கூப்பிட்டான். செல்போன் சிக்னலை நம்பி இறங்கினேன். என் ஆட்கள் நட்டுவைத்த சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி நிற்க, அவன் ஒன்பது கோல் போட்டான். போட்டதோடு விட்டானா? "ஒங்க ஊர்ல கரண்டு வந்துருச்சா?" என்று வேறு கேட்டான். அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

அதே சமயம் அம்மாவுக்கும் ஒரு வைஃபை தேவைப்பட்டது. அம்மா கணக்கில் பி.எஸ்சி., அதற்கு மேல் பி.எட். சான்றிதழ்கள் டிரங்குப் பெட்டியின் அடியில் பாச்சா உருண்டை வாசனையோடு கிடந்தன. வளைகுடாவில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இங்கிருந்தே கம்ப்யூட்டரில் பாடம் நடத்த மதுரைக்காரர்கள் சிலர் ஆள் தேடினார்கள். அம்மா யாருக்கும் சொல்லாமல் எழுதிப்போட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஒரு சோதனை வகுப்பு. அதை அவர்களும் பார்ப்பார்கள். படம் அடிக்கடி நின்றுபோகிற வீடென்றால் வேலை இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

இதில் கொடுமை, முன்னறையில் ஓயாத ரோட்டு லாரிச் சத்தம். பாடம் நடத்தத் தோதான ஒரே இடம் கடைசியில் இருந்த பழைய பருத்தி அறை. புதிதாக இழுத்த இணைய வயரோ முன்னறையோடு நின்றுவிட்டது. நடுவில் இரண்டு கல்சுவர்கள். அந்தச் சுவரின் ஜன்னல் திட்டில் நான் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிடுவேன், அவ்வளவு அகலம். ஆக, இரண்டு பேருக்கும் ஒரே பெட்டி வேண்டும். அம்மாவுக்கு அது வேலை, எனக்கு மானம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அம்மாவும் பெரியப்பாவும் நேருக்கு நேர் பேசிக்கொள்ள மாட்டார்கள். கணவனின் அண்ணன் வந்தால் தம்பி மனைவி எழுந்து உள்ளே போய்விட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். பேச்சு எல்லாம் என் வழியாகத்தான். ஒரே வீட்டில் மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டு, "தாயி, ஒங்க அம்மாட்ட தண்ணி கேளு" என்பார். "தண்ணி இந்தா இருக்குன்னு பெரியப்பாட்ட சொல்லு" என்பாள் அம்மா. நான் சும்மா தலையை ஆட்டினாலே போதும்.

அம்மாவின் சோதனை வகுப்பு விஷயமும் என் வழியாகத்தான் பெரியப்பாவுக்குப் போனது. அருப்புக்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்கு அவரும் நானும் போனோம். கண்ணாடிக்குள் ஒன்று இருந்தது. கறுப்பு உடம்பு, எட்டு ஆன்டெனா, நடுவில் சிவப்பு விளக்கு. பார்த்த கணமே அது எனக்கென்றே பிறந்தது என்று தெரிந்துவிட்டது.

"அண்ணாச்சி, இது கேமுக்குன்னே செஞ்சது. கம்ப்யூட்டரும் பிச்சுக்கிட்டுப் போகும்" என்றார் கடைக்காரர்.

பெரியப்பா அதைச் சுற்றி வந்தார். குனிந்து அடிப்பக்கம் பார்த்தார். ஆன்டெனாவை ஒன்றொன்றாக ஆட்டிப் பார்த்தார்.

"கொம்பு நல்லாத்தான் இருக்கு. ஏர்ல பூட்டி ஓட்டிப் பாக்காம எப்படிய்யா பிடிக்கிறது? எங்க வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாத்துட்டுச் சொல்றேன்."

"அதெல்லாம் கடைய விட்டு வெளிய குடுக்க மாட்டோம் அண்ணாச்சி."

"ஒங்கப்பாவுக்கு நான் பிடிச்சுக் குடுத்த ஜோடி என்னைக்காச்சும் உழவுல படுத்துருக்கா? போன் போட்டுக் கேளு."

கடைக்காரர் போன் போட்டாரோ இல்லையோ, மறுபேச்சில்லாமல் மூன்று வகைப் பெட்டிகளை ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்தார். நாளுக்கு ஒன்றாக மூன்று நாள் பார்ப்பது என்று முடிவு. அந்த மூன்று நாளும் பெரியப்பா திருச்சுழியிலிருந்து பஸ் மாறி மாறி வந்தார்.

முதல் நாள் என் சிவப்பு விளக்கு. முன்னறையில் பறந்தது. பெரியப்பா வாசலில் நின்றுகொண்டு, பருத்தி அறைக்குப் போய்ச் செல்போனில் எத்தனை கோடு என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். ஒரு கோடுதான் இருந்தது. அதுவும் சாகக் கிடந்தது. நான் வாய் கூசாமல், "நாலு கோடு பெரியப்பா!" என்று கத்தினேன். நிமிர்ந்தால் எதிரில் அம்மா நின்றிருந்தாள். கையை நீட்டிச் செல்போனை வாங்கிப் பார்த்தாள். திட்டவில்லை. "ஒரு கோடுன்னு பெரியப்பாட்ட போய்ச் சொல்லு" என்றாள். அவளுடைய முகத்தைப் பார்த்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது. போய்ச் சொன்னேன்.

"பாக்க லட்சணமான மாடு, வேலைக்கு ஆகாது" என்று பெரியப்பா அதைப் பைக்குள் திருப்பிப் போட்டார்.

இரண்டாம் நாள் பெட்டி பின்னறைவரை தட்டுத் தடுமாறி வந்தது. நான் ஆட்டத்தைத் தொடங்கினால் அங்கே அம்மாவின் படம் நின்றது. மூன்றாவதைத் திறந்தபோது பெரியப்பா முகம் சுளித்தார். ஆன்டெனாவே இல்லாத இரண்டு வெள்ளைப் பெட்டிகள், சோப்பு டப்பா அளவுதான். ஒன்றை முன்னறையிலும் இன்னொன்றை நடுவறையிலும் வைக்க வேண்டுமாம். ஒன்றிடமிருந்து மற்றது வாங்கி அப்பால் அனுப்புமாம்.

வைத்தோம். பருத்தி அறைக்கு ஓடினேன். இந்தமுறை பொய் சொல்ல அவசியமே வரவில்லை. நாலு கோடு!

"அப்பவே நெனச்சேன். ஒத்த மாடு ஏர் இழுக்குமா? ஜோடியால்ல இருக்கணும்" என்றார் பெரியப்பா. அப்படி அவர் நினைக்கவே இல்லை என்பது எனக்குத் தெரியும். கேம் பெட்டியை முன்னறைப் பெட்டியோடு வயரிலேயே இணைத்துவிட்டால் அம்மாவின் பாதைக்கு இடைஞ்சல் இருக்காது என்று கடைக்காரர் போனில் சொன்னார். அதையும் செய்தோம்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணி. பருத்தி அறையில் அம்மா, இஸ்திரி போட்ட சேலையில். முன்னறையில் நான், மாமா பையனோடு பழி தீர்க்கும் ஆட்டத்தில். பெரியப்பா நடுவில் உலாத்திக்கொண்டிருந்தார். பந்து சொன்னபடி கேட்டது. இரண்டுக்கு இரண்டு. ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கையில் உள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"கேக்குதா? நான் பேசுறது கேக்குதா?"

அந்தக் குரலில் நடுக்கம் இருந்தது. எங்கள் அம்மா நடுங்கி அதற்குமுன் நான் கேட்டதில்லை. கையிலிருந்த ஆட்டக் கருவியைப் பெரியப்பாவிடம் திணித்து, "எதையாச்சும் அமுக்கிக்கிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

நடுவறையில் வெள்ளைப் பெட்டியைக் காணோம். அது இருந்த இடத்தில் ஒரு எவர்சில்வர் அண்டா கவிழ்ந்திருந்தது. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "அதென்ன மினுக்குமினுக்குன்னு எரியுது?" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள். புதுமாடு வந்தால் மூன்று நாளைக்கு ஊர்க் கண் படக்கூடாது. பெரியப்பா அண்டாவைக் கவிழ்த்துவிட்டார்!

அண்டாவை இழுத்துத் தள்ளினேன். அது உருண்டு உரலில் மோதி நின்றது. பருத்தி அறைப் பக்கம் காதைத் தீட்டினேன். பிறகு அம்மா, "சரி, எல்லாரும் வந்துட்டீங்களா? இப்ப எக்ஸோட மதிப்பு என்ன?" என்றாள். நடுக்கம் போயிருந்தது.

திரும்பி வந்தால், பெரியப்பா மூக்கணாங்கயிற்றைப் பிடிப்பதுபோல அந்தக் கருவியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். என் கோல் கீப்பர் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்திருந்தான். எப்படி என்பது கடவுளுக்கே வெளிச்சம். வாங்கி, உதைத்து, கடைசி நிமிடத்தில் மூன்றாவது கோலைப் போட்டேன். நான் போட்ட கூச்சலில் ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சத்தத்தக் கொற தாயி" என்றார் பெரியப்பா.

அவர் டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, உள்கதவோரம் காதை வைத்து உட்கார்ந்திருந்தார். துண்டால் கண்ணைத் துடைத்தார். நான் துபாய்க்காரனைத் தோற்கடித்ததில் பெரியப்பா அழுதேவிட்டார் என்று வகுப்பு முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

ஏழு மணிக்கு அம்மா வெளியே வந்தாள். "நாளையிலருந்து வரச் சொல்லிட்டாங்க" என்றாள், என்னைப் பார்த்து. சொன்னது யாருக்கென்று எனக்கும் தெரியும். பெரியப்பா சட்டென்று எழுந்து நின்றார்.

போன வருடம் ஏதோ சான்றிதழுக்காக அந்த டிரங்குப் பெட்டியைக் கிளறியபோது அம்மா பெயருக்கு வந்த வேலை உத்தரவு ஒன்று கிடைத்தது. அருப்புக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடம், கணக்கு டீச்சர். தேதி, அப்பாவும் அம்மாவும் கல்யாணம் செய்த வருடத்தது.

"ஏம்மா போகல?"

"நம்ம வீட்டுப் பொம்பள வேலைக்குப் போறதான்னு ஒங்க பெரியப்பா கேட்டாக. நானும் மடிச்சு வச்சுட்டேன்." அம்மா அதைத் திரும்ப மடித்தாள். "அதுக்கப்புறம் அவுக அதப் பத்தி ஒரு வார்த்த பேசுனதில்ல. மூணு நாளு அந்த வைஃபை பொட்டியத் தூக்கிக்கிட்டு வந்தாக, பாத்தியா, அவ்வளவுதான்."

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை எனக்கு நினைவுக்கு வந்தது. அம்மாவைக் கண்டு பெரியப்பா எழுந்து நின்றதை அதற்குமுன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. கடைசி பஸ்ஸைப் பிடிக்க எழுந்தார் என்றுதான் அன்று நினைத்தேன். பஸ் எட்டு மணிக்கு. அம்மா அடுப்படிக்குள் போகும்வரை அவர் நின்றுகொண்டிருந்தார். அப்புறம் உட்கார்ந்து என்னிடம் தண்ணீர் கேட்டார்.