வாய்க்காலில் நான் கண்ட ஓட்டம்

புத்தூரில் மோட்டார் பட்டறை, சமயபுரத்தில் லாட்ஜ், ஸ்ரீரங்கத்தில் மாடி வீடு. மூன்றும் ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் எழுப்பியவை. "இவனுக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரியுமா?" என்று சிரித்தவர்கள், பின்னாளில் திருவிழாக் கூட்டத்தில் என் லாட்ஜில் ரூம் கேட்டு நின்றார்கள். நான்காவதாக ஒன்றையும் சேர்க்க வேண்டும் என்பது சமீபத்தில்தான் தெரிந்தது.

விண்வெளி ஆராய்ச்சி செய்யும் என் மகள் திருச்சியில் ஒரு கல்லூரியில் பேசினாள். எனக்கு முதல் வரிசை. காற்றெல்லாம் முடிந்த உயரத்தில், பூமியின் காந்தம் ஆளும் இடத்தில், பிளாஸ்மா என்று மின்னேறிய வாயு இருக்கிறதாம். அதில் குளிர்ந்த வகை ரொம்ப மெதுவானது. வெயில் பட்ட விண்கலத்தில் மின்சாரம் ஏறிவிடுவதால், அந்தத் துகள்களை அது கிட்டே அண்டவிடாது. கருவியும் 'ஒன்றுமில்லை' என்றே காட்டும். ஆனால் ஓடும் தண்ணீரில் நட்ட கம்புக்குப் பின்னால் விழுவது போல, விண்கலத்தின் முதுகுப்பக்கம் ஒரு தடம் விழுமாம். அதை வைத்துத்தான் ஓட்டத்தைக் கண்டுபிடித்தார்களாம்.

நான் எழுந்துவிட்டேன். "இதை நான் சின்ன வயசுலயே பண்ணிட்டேன்மா!"

"அப்பா, உக்காருங்க" என்றாள், மைக்கிலேயே.

சிரித்தார்கள். சிரிக்கட்டும். நடந்தது இதுதான்.

லால்குடிப் பக்கம் எங்கள் வயல். ஒரே வாய்க்காலில் பெரியப்பா வயல் மேலே, எங்களுடையது கடைமடை. முறை வைத்துத்தான் தண்ணீர். எங்கள் நாற்று கருகிக்கொண்டிருந்தது. அப்பா வாய்க்காலில் ஒரு வைக்கோலைக் கிள்ளிப் போட்டுப் பார்த்தார். அது பெரியப்பா பக்கமே திரும்பிப் போனது.

"அண்ணே, மடையை அடைச்சு வச்சிட்டு திறந்துட்டேங்கிறீங்களே, நியாயமா?"

"திறந்துதான்டா விட்டிருக்கேன். கண்ணு அவிஞ்சா போச்சு?"

"எனக்கா அவிஞ்சிருக்கு? வைக்கோலு பொய் சொல்லுமா?"

அப்பா மண்வெட்டியைத் தூக்கினார், பெரியப்பாவின் வரப்பை வெட்ட. வெட்டினால் நாற்று பிழைக்கும் என்று நினைத்தார்; அண்ணன் தம்பி உறவு பிழைத்திருக்காது. நான் அப்போது முழங்கால் தண்ணீரில் கெண்டைக்குஞ்சு பிடித்துக்கொண்டிருந்தேன். கால் கிளப்பிய சேறு, வால் முளைத்தது போல எங்கள் வயல் பக்கமாக நீண்டு போனது. மேலே எதிர்க்காற்று வைக்கோலைத் தள்ளுகிறது. அடியில் தண்ணீர் வந்துகொண்டுதான் இருக்கிறது!

"அப்பா, ஓடுது! என் காலுக்குப் பின்னாடி பாருங்க!"

அந்தச் சேற்றின் பின்னாலேயே ஓடினேன். நடுவில் பெரியப்பாவின் நாற்றங்கால் வழியாகக் குறுக்கே பாய்ந்ததில், மண் வெடிப்பில் கால் மாட்டி விரல் பெயர்ந்தது. அந்த வெடிப்பைச் சபித்துக்கொண்டே போனேன். சேறு எங்கள் வயலுக்குச் சற்று முன்னால் ஒரு நண்டு வளைக்குள் புகுந்து, வடிகாலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து களிமண்ணை அப்பி அடைத்தார்கள். நாற்று பிழைத்தது. ஒரு வாரம் ஊர் முழுக்க என் பெருமையை நானே சொல்லித் திரிந்தேன்.

கல்லூரியிலிருந்து திரும்பும்போது காரில் மகள் சொன்னாள்: "எல்லாம் சூரியன்லேருந்துதான் வருதுன்னு ரொம்ப நாள் நினைச்சிட்டு இருந்தாங்கப்பா. இந்தக் குளிர்ந்தது நம்ம பூமியோட மேல்காத்துலேருந்தே, துருவப் பக்கமா கசிஞ்சு ஏறிப் போகுது. நம்ம வீட்டுது."

அப்போதுதான் அந்த வெடிப்பு ஞாபகம் வந்தது. தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்தேனே தவிர, எங்கிருந்து வருகிறது என்று பார்க்கவில்லை. அன்றைக்கு முறைகூட எங்களுடையது இல்லை, பெரியப்பாவுடையது. தன் நாற்றங்கால் வெடித்துக் கிடக்க, தம்பிக்கு மடையைத் திறந்துவிட்டிருக்கிறார். பேச்சு வாங்கிக்கொண்டு நின்றாரே தவிர, தன் நாற்றங்கால் காய்வதைச் சொல்லவில்லை. அது அவர் குணம்.

எனக்கு அந்தக் குணம் கிடையாது. மகள் இதைப் படிப்பாள், அதனால் எழுதுகிறேன்: அவளுடைய அடுத்த ஆராய்ச்சிக் கட்டுரையில் நன்றி சொல்லும் இடத்தில் இரண்டு பேரைப் போட வேண்டும். தண்ணீர் விட்டவர் பெரியப்பா, ஓடுவதைக் கண்டவன் நான். என் பெயர் முதலில் வரட்டும்.